குழுத் தலைவர்களோடு கல்லணைக்குப் போகிறீர்களா?

தலைமைப் பயிற்சியை அறைக்குள் நடத்தினால் எல்லோரும் வெற்றிக் கதைதான் சொல்வார்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிவதைப் பார்த்தபின் பேச்சு மாறும். வெள்ளம் வந்தால் உபரி கொள்ளிடத்துக்குப் போகும். பாசனத் தண்ணீரை மற்ற மூன்றும் பங்கிடும். யாருக்கு எவ்வளவு, யாருக்கு முதலில் என்பது எந்தத் தலைவருக்கும் அன்றாடக் கேள்வி.

எட்டு பேர் போதும். காலை 6.30-க்கு, வெயில் ஏறுமுன் தொடங்குங்கள். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குச் சில நாள் கழித்துப் போனால் ஓட்டம் தெரியும். கோடையில் வறண்ட மணல்தான்.

முதல் 20 நிமிடம் பேசாமல் நடை, கைபேசி பையில். பிறகு இருவர் இருவராக உட்கார்ந்து, "நான் யாருக்கு மதகை மூடினேன்?" என்று ஆளுக்கு 4 நிமிடம் ஒரே ஒரு சம்பவம். இடம், நேரம், அப்போது சொன்ன வார்த்தை மூன்றும் வர வேண்டும், "பொதுவாக நான்..." என்று ஆரம்பித்தால் நிறுத்தி, எந்த நாள் என்று கேளுங்கள். கேட்பவர் அறிவுரை சொல்லக்கூடாது, ஒரு கேள்வி மட்டும். கடைசியில் தனியாக ஐந்து வரி எழுதட்டும்.

பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். மேலதிகாரி முதலில் பேசினால் மற்றவர்கள் அவர் பாணியிலேயே சொல்வார்கள். அவரைக் கடைசியில் வையுங்கள். பயிற்சி நடத்துபவரே "இந்த ஆறு இதைக் குறிக்கிறது" என்று விளக்கினால் யாரும் தாமாக யோசிக்கமாட்டார்கள். கீழே வேலை செய்பவர் பெயரைக் கதையில் சொல்லவேண்டாம் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.