கம்ப்ரசர் பிளேடில் அழுத்தம் எங்கே தொலைகிறது? நோட்டில் ஒரு கணக்கு

சிஎஃப்டி (காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிடும்) மென்பொருளை அப்புறம் திறக்கலாம். இப்போதைக்கு நோட்டும் கால்குலேட்டரும் போதும்.

எடுத்துக்கொள்வது நாசா ரோட்டர் 37, காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் சுழலும் பிளேடு வரிசை. 1970களில் கிளீவ்லாந்தில் இருந்த நாசா லூயிஸ் மையத்தில் உருவானது. அளவுகள் எல்லோருக்கும் கிடைப்பதால், இந்தத் துறைக்கு வருபவர்கள் பலரும் இதில்தான் கை பழகுகிறார்கள். 36 பிளேடுகள், நிமிடத்துக்கு 17,188 சுற்று, நுனி வேகம் நொடிக்கு 454 மீட்டர். வடிவமைப்புப்படி அழுத்த விகிதம் (வெளியேறும் அழுத்தம், உள்ளே வரும் அழுத்தத்தைப்போல் எத்தனை மடங்கு) 2.106, செயல்திறன் 87.7 சதவீதம்.

படி 1: மொத்தம் எவ்வளவு போச்சு?

உள்ளே வரும் காற்று 288 கெல்வின். 2.106-ஐ 0.2857 (காற்றில் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் இணைக்கும் எண்) அடுக்குக்கு உயர்த்தினால் வெப்பநிலை விகிதம் 1.237. அதாவது இழப்பே இல்லையென்றால் காற்று 68 டிகிரி சூடானால் போதும். அதை 0.877-ஆல் வகுங்கள்: 78. அந்த 10 டிகிரிதான் தண்டம். இதே 78 டிகிரிக்கான வேலை வீணாகாமல் இருந்திருந்தால் அழுத்தம் 2.31 மடங்காகியிருக்கும். ஆக, சுமார் 9 சதவீத அழுத்தத்தைக் காணோம்.

படி 2: பிளேடின் மேல் ஏறி உட்காருங்கள்

நான் முதன்முதலில் சறுக்கியது இங்கேதான். காற்று உள்ளே வரும் வேகத்தை மட்டும் வைத்து, "மாக் 0.5தானே, ஷாக் எப்படி வரும்?" என்று குழம்பினேன். (மாக் என்பது ஒலி வேகத்தைப்போல் எத்தனை மடங்கு வேகம் என்பது. அது 1-ஐத் தாண்டினால்தான் ஷாக், அதாவது அழுத்தம் திடீரெனத் தாவும் அதிர்ச்சி அலை, வரும்.) பிளேடு பார்ப்பது சார்பு வேகத்தை, அதாவது தன் சுழற்சியையும் சேர்த்த காற்றின் வேகத்தை. நொடிக்கு 166 மீட்டர் அச்சு வேகம், 454 நுனி வேகம். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 483. ஒலி வேகம் 332. மாக் எண் 1.46. வடிவமைப்பு மதிப்பு 1.48, நம் தோராயத்துக்கு இது போதும்.

படி 3: ஷாக்கின் பங்கு

செங்குத்து ஷாக் அட்டவணையைப் பாருங்கள். மாக் 1.48-ல் மொத்த அழுத்தத்தில் (காற்றை இழப்பின்றி நிறுத்தினால் கிடைக்கும் அழுத்தம்) 6.4 சதவீதம் போகிறது. ஆனால் பிளேடின் நடு உயரத்தில் மாக் ஏறத்தாழ 1.3, அங்கே 2 சதவீதம்தான். அடியில் 1.13, கால் சதவீதம்கூட இல்லை. அதே நுனி ஷாக், நிலை அழுத்தத்தை (ஓடும் காற்றிலேயே உள்ள அழுத்தம்) ஒரே தாவலில் 2.4 மடங்காக்கித் தருவதையும் மறக்க வேண்டாம். ஷாக்கைத் திட்டுவதற்கு முன் யோசியுங்கள்.

படி 4: அப்படியானால் மீதி?

பிளேடின் மேல் ஒட்டி ஓடும் எல்லைப் படலத்தை, அதாவது உராய்வால் வேகம் குறைந்த மெல்லிய காற்றுப் படலத்தைப் பாருங்கள். நுனியில் பிளேடின் அகலம் சுமார் 57 மி.மீ., ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் வேக விசையும் பிசுபிசுப்பும் எந்த விகிதத்தில் என்பது) 18 லட்சம் வரும். படலத்தின் பெரும்பகுதி கொந்தளிப்பாகவே இருக்கும். கொந்தளிப்பு உராய்வைக் கூட்டும், சரி. ஆனால் வெளியே ஓடும் வேகக் காற்றைச் சுவர்ப்பக்கம் இழுத்துவருவதும் அதுதான். அதனால் படலம் எதிர் அழுத்தத்தைத் (ஓடும் திசையில் ஏறும் அழுத்தம்) தாங்கிப் பிளேடோடு ஒட்டி நிற்கிறது. ஷாக் வந்து மோதும் இடத்தில் அந்தத் தாங்கலும் போதாமல் போகலாம். மாக் 1.3-ஐத் தாண்டினால் படலம் பிளேடை விட்டுப் பெயரத் தொடங்கும். பிளேடின் குவிந்த பக்கத்தில் காற்று இன்னும் வேகமெடுப்பதால் அந்த எல்லை சுலபமாகத் தாண்டப்படும். பெயர்ந்த படலம் தடித்த வாலாகப் பிளேடுக்குப் பின்னால் நீள்கிறது. ஷாக்கின் பெயரில் எழுத முடியாத இழப்பில் கணிசமான பங்கு அங்கே இருக்கிறது.

படி 5: நுனி இடைவெளி

பிளேடின் நுனிக்கும் வெளி உறைக்கும் நடுவே 0.356 மி.மீ.தான். அதன் வழியே கசியும் காற்று சுழலாகச் சுருண்டு நுனி ஷாக்கோடு மோதுகிறது. நோட்டுக்கணக்கு இதற்குமேல் போகாது.

இனி சிஎஃப்டியைத் திறக்கலாம். 1994-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம், சோதனை முடிவைக் காட்டாமலே இதே ரோட்டரைக் கணக்கிடச் சொன்னது. வந்த விடைகள் ஒன்றோடொன்றும் பொருந்தவில்லை, அளவீட்டோடும் பொருந்தவில்லை. முதல் ஓட்டத்தில் உங்களுக்கு 9 சதவீதம் வராவிட்டால், சுவரை ஒட்டிய செல்களையும் (கணக்கிட இடத்தைப் பிரிக்கும் சிறு கட்டங்கள்) அந்த 0.356 மி.மீ. இடைவெளியில் எத்தனை செல்கள் என்பதையும் முதலில் பாருங்கள்.