கல்லணையிலேருந்து கோடியக்கரை வரைக்கும் சைக்கிள்ல போறது எப்படி

காவிரி டெல்டாவுல சைக்கிள் டூர் போகணும்னு கேக்குறவங்க நிறைய பேரு முதல்ல மேப்ப தொறந்து தஞ்சாவூர் டூ நாகப்பட்டினம் மெயின் ரோட்ட புடிச்சு நேரா போயிடலாம்னு பாக்குறாங்க, தயவுசெஞ்சு அது வேணாம். லாரியும் தனியார் பஸ்ஸும் ஹாரன் அடிச்சு அடிச்சே உங்கள மண்ணுல எறக்கிடும், ரெண்டாவது நாளே வெறுத்துப் போயிடும். இந்த ஊர்ல வழி காட்டுறது தண்ணி தான். கல்லணையில நின்னு தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்துட்டு அந்தக் கரையையே புடிச்சு போனீங்கன்னா நேரா கடல்ல போய் நிப்பீங்க, வழியில மேடுன்னு ஒண்ணும் கிடையாது, பாலம் ஏறுறது தான் மேடு. கல்லணையில ஆரம்பிச்சு கும்பகோணம், பூம்புகார், அங்கேருந்து கடலோரமா தெக்க எறங்கி கோடியக்கரை, திரும்பி வர்றது மன்னார்குடி வழியா தஞ்சாவூர், மொத்தம் சுமாரா 350 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 60 மிதிச்சா ஆறு நாள்.

எப்ப போறதுங்கிறது தான் பெரிய விஷயம், சைக்கிள் எதுங்கிறது எல்லாம் அப்புறம். ஐப்பசி, கார்த்திகையில வேணவே வேணாம், வடகிழக்கு மழை, புயல், எந்த வாய்க்கா எப்ப உடைக்கும்னு சொல்ல முடியாது. சித்திரை, வைகாசி வெயில்ல ஆறு பூரா மணலா கெடக்கும், தூர் வாருற மிஷின் வேற கரையில நிக்கும். மேட்டூர் வழக்கமா ஜூன் 12ல தொறப்பாங்க, அணையில தண்ணி இருக்கறதப் பொறுத்து தான், அதுக்கப்புறம் சில நாள்ல கல்லணை தொறக்கும், அந்த ஆடி மாசம் பாக்க கண்ணு கொள்ளாது, ஆனா காத்து இருக்கே, ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்ங்கறப்ப சைக்கிள் எம்மாத்திரம். கடல பாத்து போகறப்ப மேல்காத்து முதுகுல புடிச்சு தள்ளும், திரும்பி வர்றப்ப அதே காத்து நெஞ்சுல நிக்கும். அதனால என் கணக்குல பொங்கல் முடிஞ்சு மாசி கடைசி வரைக்கும் தான் சரியான காலம். வாடைக்காத்து வடகிழக்கேருந்து வரும், பூம்புகார்லேருந்து தெக்க போற மூணு நாளும் நமக்கு சாதகம். மத்தியானம் கடல்லேருந்து காத்து கெளம்பும், அதுக்குள்ள அன்னிக்கு மிதிக்க வேண்டியதுல முக்கால்வாசிய முடிச்சுடுங்க, காலையில அஞ்சரைக்கெல்லாம் கெளம்பிடணும். பனி இருக்கும், காதுல துண்டு கட்டிக்குங்க, பின்னாடி செவப்பு லைட்டு இல்லாம எறங்காதீங்க.

ஆனா தை, மாசிக்கு ஒரு சங்கடம் இருக்கு, அது சம்பா அறுவடை நேரம். ரோட்டுலயே நெல்லு காயும், வைக்கோல் கெடக்கும், செயின் வச்ச அறுவடை மிஷின் வயலுக்கும் ரோட்டுக்கும் ஏறி எறங்கி சேத்த அப்பிட்டுப் போயிருக்கும். காயற நெல்லு மேல தயவுசெஞ்சு ஏத்தாதீங்க, எறங்கி தள்ளிட்டுப் போங்க, ஈரப்பதம் கூடன்னு கொள்முதல் நிலையத்துல திருப்பி விட்டுடுவாங்களோன்னு ராத்திரி பூரா தார்ப்பாய் போட்டு காவ காத்த நெல்லு அது. வைக்கோல் மேல டயர் வழுக்கும், அதவிட மோசம் பின் சக்கரத்து அச்சுல, கியர் பல்லுல சுத்திக்கும், சாயங்காலம் கத்தியால வெட்டி தான் எடுக்கணும். அறுத்த வயல்ல வாத்து மேய்க்கிறவங்க நூத்துக்கணக்குல வாத்த ரோட்ட தாண்ட விடுவாங்க, பெல் அடிக்காம நின்னுடுங்க, மிரண்டு செதறிட்டா அவங்களுக்கு அரை நாள் வேலை.

சைக்கிள பத்தி சொல்லிடுறேன். விலை கூடின ஒல்லி டயர் சைக்கிள் இந்த ரூட்டுக்கு சரிப்படாது. கிராமத்துல மிச்சம் இருக்கற சைக்கிள் கடையில பழைய 28 இஞ்ச் டயரும் டியூப்பும் கிடைக்கும், 26 இஞ்ச் தடி டயருக்கு உண்டானதும் கிடைக்கும், 700 சைஸ் கேட்டா பாவமா பாப்பாங்க. வால்வும் மோட்டார் பைக்குக்கு இருக்கற மாதிரி தடிச்சதா இருக்கட்டும், அப்ப தான் பெட்ரோல் பங்க்லயும் டூவீலர் கடையிலயும் காத்து அடிச்சுக்கலாம். கேரியர் கண்டிப்பா வேணும், முதுகுல பை மாட்டிக்கிட்டு இந்தப் புழுக்கத்துல ஓட்ட முடியாது. ரெண்டு டியூப், ஒட்டு, சொல்யூஷன், உப்புத்தாள், கைப்பம்பு, கொஞ்சம் செயின் ஆயில், இவ்வளவு போதும்.

பஞ்சருக்கு காரணம் முக்காவாசி கருவ முள்ளு தான். கள்ளிமேடு பக்கம் ஒரு தடவ முன் சக்கரம் எறங்கிடுச்சு, டியூப்ப மாத்தி காத்தடிச்சு ரெண்டு கிலோமீட்டர் போகல, திரும்பவும் எறங்கிடுச்சு. முள்ளு டயருக்குள்ளயே உடைஞ்சு நின்னுருக்கு, நான் பாக்கவே இல்ல. தள்ளிட்டே போய் ஒரு டூவீலர் கடை அண்ணன் தான் டயர கழட்டி, உள்பக்கமா பஞ்ச வச்சு ஒரு சுத்து தடவிக் காமிச்சாரு, பஞ்சு எங்க சிக்குதோ அங்க முள்ளு. அன்னிலேருந்து பையில பஞ்சு இல்லாம நான் கெளம்புறதில்ல. வெரல விட்டுத் தடவாதீங்க, ஏறிடும்.

முதல் நாள் திருச்சியிலேருந்து விடியக்காலம் கெளம்பி கல்லணைக்கு வந்துடுங்க. காவிரி, வெண்ணாறு, புது ஆறுன்னு நாங்க சொல்ற கல்லணைக் கால்வாய், கொள்ளிடம், நாலும் பிரியறத ஒரு இடத்துல நின்னு பாக்கலாம். ஷட்டர் பக்கத்துல குளிக்க மட்டும் எறங்காதீங்க, மேல அமைதியா தெரியும், அடியில இழுப்பு இருக்கும். அங்கேருந்து காவிரிக் கரையோட திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு. மரம் ரெண்டு பக்கமும் கூடாரம் மாதிரி நிக்கற எடங்கள்ல வெயிலே தெரியாது. தியாகராஜர் ஆராதனை நடக்கற நாள்ல போறீங்கன்னா திருவையாறுல ரூம் கிடைக்காது, அது பெரும்பாலும் ஜனவரியில வரும், தேதி பாத்துக்குங்க. அசோகா அல்வா ஒரு கால் கிலோ வாங்கி பையில போட்டுக்குங்க, பாசிப்பருப்பும் நெய்யும் தானே, கால் சோர்றப்ப நல்லா தாங்கும். அப்புறம் கணபதி அக்ரஹாரம், உமையாள்புரம், கபிஸ்தலம், சுவாமிமலை, கும்பகோணம். முகூர்த்த நாள்னா கும்பகோணத்துல லாட்ஜ் எல்லாம் கல்யாண வீட்டுக்காரங்க புடிச்சு வச்சிருப்பாங்க, முன்னாடியே போன் பண்ணிடுங்க.

கரை ரோட்டுல ஒரே தொல்லை நாய். வேகமா மிதிச்சா தொரத்தும். எறங்கி, சைக்கிள நாய்க்கும் உங்களுக்கும் நடுவுல வச்சுக்கிட்டு சாதாரணமா நடந்தீங்கன்னா பத்தடியில விட்டுடும்.

ரெண்டாவது நாள் காலையில தாராசுரம் கோயில பாத்துட்டு கெளம்பலாம், வெளிச்சம் சாய்வா விழறப்ப அந்த தேர்ச் சக்கரத்தையும் குதிரையையும் பாக்கணும். அதுக்கப்புறம் ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறைன்னு மெயின் ரோடு போகுது, பஸ்ஸு பறக்கும், அதனால முடிஞ்ச வரைக்கும் ஆத்தங்கரை ஊர்களுக்குள்ளயே போங்க, டீக்கடையில கேட்டா சொல்லுவாங்க. "மாயவரம் போற கரை ரோடு எது"ன்னு கேளுங்க, மயிலாடுதுறைன்னு கேட்டா பஸ் ரூட்ட தான் காமிப்பாங்க. நான் இந்தப் பயணத்துல ரொம்ப நேரம் யோசிச்ச எடம் பூம்புகாருக்கு முன்னாடி வர்ற மேலையூர். மத்த ஆறெல்லாம் கடல நெருங்க நெருங்க அகண்டுகிட்டே போகும், காவிரி அப்படி இல்ல, வழி பூரா ஊர் ஊரா வயல் வயலா பங்கு போட்டுக் குடுத்துட்டு பூம்புகார் கிட்ட வர்றப்ப ஒரு வாய்க்கா அகலத்துல தான் வந்து சேரும். கல்லணையில அகலமா பாத்த அதே ஆறு தான் இதுன்னு நம்பவே முடியாது. இத பஸ்ல வந்தா புரியாது, ரெண்டு நாள் பக்கத்துலயே மிதிச்சு வந்தா தான் புரியும்.

மூணாவது நாள் கடலோரம். கடல ஒட்டியே ஒரே ரோடா போயிடலாம்னு நெனைக்காதீங்க, மேப்புல கோடு மாதிரி தெரியும், ஆனா ஒவ்வொரு ஆத்து முகத்துவாரத்துலயும் மீனவர் தெருவோட ரோடு முடிஞ்சிடும், திரும்பி உள்ள வந்து பாலம் தாண்டணும். அந்தக் குப்பங்கள்ல வலை காயற எடத்துல சைக்கிள ஏத்தாதீங்க, காத்து எப்படின்னு கேளுங்க, கொண்டலா கச்சானான்னு, அதாவது கீழ்க்காத்தா மேல்காத்தான்னு, வானிலை ஆப்ப விட கரெக்டா சொல்லுவாங்க. திருக்கடையூர்ல எப்பவும் அறுபதாம் கல்யாணக் கூட்டம், அங்க சாப்பாடு கவலை இல்ல. தரங்கம்பாடியில டேனிஷ்காரங்க 1620ல கட்ட ஆரம்பிச்ச கோட்டை கடலப் பாத்துக்கிட்டு நிக்குது, வெயில் நேரத்த அங்க ஓட்டிட்டு சாயங்காலம் கெளம்பலாம். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம், அரசலாறு கடல்ல கலக்கற எடம் பீச்சுலயே இருக்கு. நாகூர்ல தர்கா தெருவுல வாடான்னு ஒரு பலகாரம் சூடா போடுவாங்க, எறால் வச்சு, நாலு தின்னா நாகப்பட்டினம் வந்து சேர்றது தெரியாது. டிசம்பர் 26 வாக்குல போறீங்கன்னா கடற்கரையில பாட்டு போட்டுக்கிட்டு போகாதீங்க, 2004 சுனாமியில இந்தக் கரையில ஆள இழக்காத தெரு கம்மி.

நாகப்பட்டினம் தாண்டி வேளாங்கண்ணி வரைக்கும் கூட்டம், அங்கேருந்து வேதாரண்யம் வரைக்கும் தனிமை. ஆகஸ்ட் 29லேருந்து செப்டம்பர் 8 வரைக்கும் மாதா கோயில் திருவிழா, ரோடு பூரா நடைபயணம் வர்றவங்க தான், அப்ப சைக்கிளுக்கு எடமில்ல. வேளாங்கண்ணிக்கு தெக்க நிறைய எடத்துல நிலத்தடி தண்ணி உவர்ப்பு, அதனால மூணு லிட்டர் ரொப்பிக்கிட்டு தான் எறங்கணும். நிழலும் கம்மி, 2018 நவம்பர் 16ல கஜா புயல் அடிச்சப்ப இந்தப் பக்கம் தென்னை, புளியமரம் எல்லாம் வேரோட சாஞ்சது, திரும்ப வெச்சது வளர்ந்துக்கிட்டு தான் இருக்கு. வேதாரண்யம் வந்துட்டா அகஸ்தியம்பள்ளியில உப்பளம், வெள்ளையா கண்ணு கூசும், கருப்புக் கண்ணாடி போட்டுக்குங்க. கோடியக்கரை அங்கேருந்து பத்து பன்னெண்டு கிலோமீட்டர். சரணாலயத்துக்குள்ள போக வனத்துறையில கேட்டுட்டு தான் போகணும், வெளிமான் கூட்டம் காலையில தான் நல்லா தெரியும், பூநாரை வர்ற காலமும் இந்த தை மாசக் காலம் தான். சத்தமே இல்லாத வண்டிங்கறதால சைக்கிள்ல போறவங்களுக்கு மான் கொஞ்சம் கூட நேரம் நிக்கும்.

திரும்பி வர்ற வழி திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, நீடாமங்கலம், தஞ்சாவூர். 1930 ஏப்ரல் 13ல ராஜாஜியோட நூறு பேர் கிட்ட திருச்சியிலேருந்து நடந்து வந்து 28ஆம் தேதி வேதாரண்யம் சேந்தாங்களே, அந்த உப்புச் சத்தியாகிரக வழியில பாதிய நாம எதிர்த் தெசையில போறோம். அவங்களுக்கு சோறு போட்டா தண்டனைன்னு கலெக்டர் உத்தரவு போட்டதால ஜனங்க சோத்துப் பொட்டலத்த ரோட்டோர மரக்கிளையில கட்டித் தொங்க விட்டாங்கன்னு சொல்லுவாங்க. அந்த ஊர்கள்ல இன்னிக்கும் ஒரு பம்புசெட்டுல முகம் கழுவ நின்னா போதும், "எங்கேருந்து வர்றீங்க தம்பி, சாப்டாச்சா"ன்னு தான் முதல் கேள்வி வரும். வேணாம்னு சொல்லிட்டு ஓடாதீங்க, ஒரு டம்ளர் மோராவது குடிச்சுட்டுப் போங்க, காசு மட்டும் நீட்டிடாதீங்க. நீடாமங்கலத்துல பால்திரட்டு கிடைக்கும், விடாதீங்க. ஒடம்பு முடியலன்னா பெரிய ஸ்டேஷன் எதுலயாவது பார்சல் ஆபீஸ்ல சைக்கிள எழுதிப் போட்டுட்டு ரயில்ல வந்துடலாம், பேர், ஊர் எழுதின அட்டைய சைக்கிள்ல கட்டி விடுங்க.

ஊருக்கு வந்த அன்னிக்கே, எவ்வளவு அசதியா இருந்தாலும், சைக்கிள நல்ல தண்ணியில கழுவுங்க. மூணு நாள் உப்புக்காத்துல ஓடின செயின ஒரு ராத்திரி அப்படியே விட்டா காலையில செவந்து போய் நிக்கும். கழுவி, துணியால தொடச்சு, ஒவ்வொரு கண்ணியிலயும் ஒரு சொட்டு ஆயில், கேரியர் ஸ்குரூவுலயும் ஒரு சொட்டு, அப்புறமா தூங்குங்க.