படம் விற்பதற்குப் பணம் கட்டாதீர்கள்

“கைப்பேசிப் படங்களை விற்று மாதம் ஐம்பதாயிரம்” என்று விளம்பரம் கண்ணில் பட்டால் ஒன்றை மட்டும் பாருங்கள்: சேருவதற்குப் பணம் கேட்கிறார்களா? ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் போன்ற, படங்களை விற்றுத்தரும் இணையதளங்களில் படம் கொடுக்கச் சேர்வது இலவசம். கட்டணம் வாங்குபவர் பெரும்பாலும் கையில் திணிப்பது இத்தகைய தளங்களின் பெயர்ப்பட்டியலைத்தான்.

வருமானக் கணக்கையும் போட்டுவிடுங்கள். 2020 ஜூனில் வந்த ஷட்டர்ஸ்டாக் விதிப்படி படம் எடுத்தவரின் பங்கு 15 முதல் 40 விழுக்காடு; விற்பனை கூடக்கூட அது படிப்படியாக ஏறும். ஒரு பதிவிறக்கத்துக்குக் குறைந்தது 10 சென்ட். அதாவது, அடிமட்டத் தொகையே வந்துகொண்டிருந்தால் 25 டாலர் சேர 250 பதிவிறக்கங்கள் தேவை. போதாததற்கு, ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் எல்லாரும் மீண்டும் முதல் படிக்கு இறக்கப்படுவார்கள். எனக்கு இந்த விதியைக் கண்டாலே எரிச்சல்தான்.

இன்னொரு வலையும் உண்டு. “உங்கள் படம் விற்றுவிட்டது, பணத்தை விடுவிக்க முதலில் வரி அனுப்புங்கள்” என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். முறையான தளங்கள் வரி பிடிப்பதானால் உங்கள் வருமானத்திலேயே பிடித்துக்கொள்ளும், தனியாகக் கேட்காது. அனுப்பிவிட்டீர்கள் என்றால், இந்தியாவில் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.