பல்லிக்கால் ஒட்டுப்பொருள்: கணினி மாதிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கே பல்லியின் ஒரு பாதத்தில் சுமார் 5 லட்சம் நுண்முடிகள் உண்டு. 2000-இல் கெல்லர் ஆட்டம் குழுவினர் ஒற்றை முடியை அளந்தபோது கிடைத்த விசை ஏறத்தாழ 200 மைக்ரோநியூட்டன். பெருக்கினால் பாதத்துக்கு 100 நியூட்டன். ஆனால் உயிருள்ள பல்லியில் இரண்டு முன்னங்கால்களையும் சேர்த்து அளந்தாலே 20 நியூட்டன்தான் வந்தது. இரண்டு பாதங்களுக்குக் கணக்குப்படி வரவேண்டிய 200 நியூட்டனில் பத்தில் ஒரு பங்கு.

பல்லியின் முடிகளைப் போல ஒட்டும் பட்டையை நானோகுழாய்களால் (மிக நுண்ணிய கார்பன் குழல்கள்) செய்யலாம்; அதற்கான கணினி மாதிரிகளில் அடிக்கடி நடப்பது இந்தப் பெருக்கல்தான். ஒரே குழாயைக் கணினிப் பெட்டியில் வைத்து, அதே பெட்டி நாலாபக்கமும் முடிவின்றித் திரும்பத் திரும்ப வரும்படி எல்லையை அமைத்துவிடுகிறார்கள். அப்புறம் எல்லா முடிகளும் ஒரே நொடியில் ஒட்டுகின்றன, ஒரே நொடியில் விடுகின்றன. நிஜத்தில் சில முடிகள் பரப்பைத் தொடுவதே இல்லை. ஓரத்தில் இருப்பவை முதலில் கழன்று, சுமையைப் பக்கத்து முடிகள்மேல் தள்ளுகின்றன. ஆகவே அந்த எண் வெறும் உச்சவரம்பு. ஒட்டுப்பட்டையின் வலிமை என்று அதை எழுதக் கூடாது. முடிகளின் உயர வேறுபாட்டையும் அடித்தளம் வளைவதையும் சேர்த்தால்தான் கணக்கு தரைக்கு வரும்.

அடுத்தது இழுக்கும் வேகம். அணுக்களின் அசைவைப் படிப்படியாகக் கணக்கிடும் மூலக்கூறு இயக்கவியலில் ஒரு படி 1 ஃபெம்டோநொடி (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று வைத்து, விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இழுத்தால், 10 நானோமீட்டர் நகர 10 லட்சம் படிகள் போதும். ஆய்வகத்தில் விநாடிக்கு 1 மைக்ரோமீட்டர் வேகத்தில் இழுப்பதைக் கணினியில் அப்படியே காட்ட 10 லட்சம் கோடி படிகள் வேண்டும். யாராலும் ஓட்ட முடியாது, சரி. ஆனால் அவசரமாக இழுத்தால் விசை பொய்யாக ஏறும். குறைந்தது மூன்று வேகங்களில் ஓட்டி, விசை எப்படி மாறுகிறது என்று காட்டுங்கள்.

திசையையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த 200 மைக்ரோநியூட்டன், முடியை அழுத்திப் பக்கவாட்டில் சுமார் 5 மைக்ரோமீட்டர் இழுத்த பிறகுதான் கிடைத்தது. நேர் மேலே மட்டும் இழுத்துப் பார்த்தால் பல்லியின் வித்தையே தப்பிவிடும். ஒட்டிய பட்டையை எந்தக் கோணத்தில் உரித்தால் எவ்வளவு விசை வேண்டும் என்று சொல்லும் கெண்டலின் சமன்பாட்டில், பட்டையின் மீள்தன்மையை விட்டுவிட்டால், 90 பாகையில் வரும் விசையைவிட 30 பாகையில் ஏழு மடங்குக்கும் மேல் வரும்.

நானோகுழாய்களை நேராக நிற்கும் கம்பங்களாக வரைவதும் தவறு. 2008-இல் லிமிங் டாய் குழுவினரின் கார்பன் நானோகுழாய்ப் பட்டை பக்கவாட்டில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 நியூட்டன் தாங்கியதற்குக் காரணம், நுனியில் சுருண்டு பின்னிக் கிடந்த பகுதி பரப்பின்மேல் படிந்ததுதான். முடிகளுக்கிடையிலான ஈர்ப்பை விட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: மாதிரியில் மெலிந்து, நீண்டு, நெருங்கிய அமைப்புதான் எப்போதும் ஜெயிக்கும். நிஜம் வேறு. 2003-இல் ஆண்ட்ரே கெய்ம் குழுவினர் பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கில் செய்த பட்டையில் முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சில முறைக்குப் பிறகு பட்டையே பயன்படாமல் போனது.

கடைசியாக, வான் டெர் வால்ஸ் விசையை, அதாவது மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பை, 1 நானோமீட்டருக்கு அப்பால் கணக்கில் சேர்க்காமல் வெட்டிவிடும் பழக்கம். அந்த ஈர்ப்பு அதைத் தாண்டியும் எட்டும். பரப்புக்கு அடியில் இருக்கும் அடுக்கையும் பல்லி உணர்கிறது. சிலிக்கான் தகட்டில் ஆக்சைடு அடுக்கின் தடிமன் மாறினால் நுண்முடியின் ஒட்டும் விசையும் மாறுகிறது.