பாம்புக்கடிக்கு ஒரு சி.எம்.இ.: ஸ்லைடு இல்லாமல் நடத்துவது எப்படி

சி.எம்.இ. என்றால் டாக்டர்களுக்கான தொடர் மருத்துவக் கல்விக் கூட்டம். இது சேலம், ஏற்காடு பக்கம் கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர்களுக்கு. நாலைந்து டாக்டர்கள் சேர்ந்தால் நடத்திவிடக்கூடிய இரண்டரை மணி நேரக் கூட்டம். ப்ரொஜெக்டர் வேண்டாம். பாம்புக்கடியில் டாக்டர்கள் தடுமாறுவது தெரியாததால் அல்ல, கை பழகாததால்.

முதலில் தலைப்பைச் சுருக்குங்கள். ‘பாம்புக்கடி: ஒரு முழுப் பார்வை’ என்று வைத்தால் பாம்பு வகைகளிலேயே முக்கால் மணி நேரம் கரைந்துவிடும். ‘கடிபட்டவர் கிளினிக்குள் வந்ததிலிருந்து 108-இல் ஏறும் வரை’ என்று வையுங்கள். அதற்கு வெளியே உள்ள டயாலிசிஸ், வென்டிலேட்டர் பேச்செல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு.

பங்கேற்க பன்னிரண்டு டாக்டர்கள் போதும். ஆனால் ஒவ்வொருவரும் தம் கிளினிக் சிஸ்டரையும் அழைத்து வரவேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ராத்திரி மருந்து கலக்கப்போவது அவர்தான். ஆக 24 பேர், நாலு மேசை, மேசைக்கு ஆறு பேர், ஒவ்வொரு மேசையிலும் 25 நிமிடம்.

நாள், ஞாயிறு காலை 10 முதல் 12.30. வார நாள் மாலையில் ஓ.பி.யை விட்டு யாரும் வரமாட்டார்கள். கூட்டத்தை மலைமேலேயே வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது ஆசைப்படுவார்கள். சுற்றுலாக் கூட்டம் ஏறும் ஞாயிறன்று 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நகராமல் நின்றால், கூட்டம் தொடங்கவே மதியமாகிவிடும். கீழேயே வையுங்கள். மாதம் ஆகஸ்ட் அல்லது செப்டம்பர். வடகிழக்குப் பருவமழைக்கும் காபி அறுவடைக்கும் முன்பே கை பழகியிருக்கவேண்டும்.

முதல் மேசை: 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை

நான்கு மேசையில் இதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். லேப் இல்லாத கிளினிக்கிலும் கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் விஷம் ரத்தத்தைக் கெடுத்திருக்கிறதா என்று காட்டும் சோதனை இது. எளிது என்பதாலேயே அதிகம் தப்பாகவும் செய்யப்படுகிறது.

புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடி டெஸ்ட் டியூப் வேண்டும். சிரையிலிருந்து 2 மி.லி. ரத்தம் எடுத்து அதில் விடுங்கள். எடுத்த நேரத்தை டியூபின்மேல் எழுதி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். 20 நிமிடம் யாரும் தொடக்கூடாது. பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பாருங்கள். ரத்தம் திரவமாக ஓடினால் உறையவில்லை என்று பொருள்.

மூன்று டியூப்களை வரிசையாக வைத்துக் காட்டுங்கள். ஒன்று புதிய கண்ணாடி. இன்னொன்று பிளாஸ்டிக். மூன்றாவது, சோப்புத் தூள் போட்டுக் கழுவிய பழைய கண்ணாடி டியூப். தாமாக முன்வரும் ஒருவரின் ரத்தத்தை மூன்றிலும் ஒரே நேரத்தில் விடுங்கள். உறைவைத் தூண்டிவிடுவது கண்ணாடியின் பரப்புதான். பிளாஸ்டிக்கிலும் சோப்பு படிந்த டியூபிலும் அந்தத் தூண்டல் சரியாக நடக்காது. அதனால் நல்ல ரத்தம்கூட உறையாமல் நின்று, தேவையில்லாத ஒருவருக்கு பத்து வயல் (மருந்துக் குப்பி) விஷமுறிவு மருந்து ஏறிவிடும். உறையாத ரத்தம் சாய்க்கும்போது எப்படி ஓடும் என்று காட்ட, அதே ரத்தத்தில் கொஞ்சம், உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. குப்பியில் எடுத்து வையுங்கள். பார்த்த கண்ணுக்கு அப்புறம் சந்தேகம் வராது.

இன்னொரு தப்பு, பத்தாவது நிமிடத்தில் ‘உறைஞ்சிடுச்சா’ என்று ஆட்டிப் பார்ப்பது. ஆட்டினால் சோதனை கெட்டது. மேசைக்கு வந்த மூன்று நிமிடத்துக்குள் ரத்தத்தை எடுத்துவிட்டால்தான் 25 நிமிடத்துக்குள் முடிவைப் பார்க்கமுடியும். காத்திருக்கும் நேரத்தில் இதைச் சொல்லுங்கள்: முதல் சோதனையில் உறைந்தாலும் ஆளை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. முதல் மூன்று மணி நேரத்துக்கு அரை மணிக்கொரு முறை, அப்புறம் மணிக்கொரு முறை திரும்பச் செய்யவேண்டும். மருந்து கொடுத்தபின் அடுத்த சோதனை ஆறு மணி நேரம் கழித்து. கல்லீரல் உறைபொருள்களைத் திரும்ப உருவாக்க அவ்வளவு நேரம் ஆகும். இடையில் பார்த்துவிட்டு ‘கேட்கவில்லை’ என்று மேலும் மேலும் வயல் உடைப்பது வீண்.

முடிந்ததும் ஊசி வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீல டப்பாவில்.

இரண்டாவது மேசை: மருந்தும் ஒவ்வாமையும்

காலாவதியான ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) வயல்களைக் கேட்டு வாங்கி வையுங்கள், பயிற்சிக்கு அது போதும். கூடவரும் 10 மி.லி. நீரை விட்டு மெதுவாகச் சுழற்றவேண்டும். குலுக்கினால் நுரை கட்டும். பத்து வயலை ஒருவர் தனியாகக் கரைக்க எவ்வளவு நேரம் ஆகிறது, இரண்டு பேர் சேர்ந்தால் எவ்வளவு என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

கடித்த தடம் இருக்கிறது என்பதற்காக மட்டும் மருந்து கிடையாது. ரத்தம் உறையாமை, தானாக ரத்தக் கசிவு, இமை தொங்குதல், ரத்த அழுத்தம் இறங்குதல், வேகமாக ஏறும் வீக்கம் இவற்றில் ஒன்றாவது வேண்டும். தொடக்க அளவு 10 வயல், நார்மல் சலைனில் ஒரு மணி நேரத்தில். குழந்தைக்கும் அதே 10 வயல்தான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. குறைக்கவேண்டியது சலைனின் அளவை. கொஞ்சம் போட்டுப் பார்க்கும் டெஸ்ட் டோஸ் வேண்டாம். அது ஒவ்வாமையை முன்கூட்டிச் சொல்லாது.

டிரிப் தொடங்கும் முன்பே அட்ரினலின் சிரிஞ்சில் ஏறியிருக்கவேண்டும். பெரியவர்களுக்கு 0.5 மி.கி., அதாவது 1 மி.கி. ஆம்பூலில் பாதி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். குழந்தைக்கு கிலோவுக்கு 0.01 மி.கி. அரிப்பு, தடிப்பு, இளைப்பு எது வந்தாலும் டிரிப்பை நிறுத்தி முதலில் அட்ரினலின். கை தானாக ஏவில், ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற வழக்கமான அலர்ஜி ஊசிகளுக்குத்தான் போகும். அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் இந்த மேசை. ஒவ்வாமை அடங்கியதும் டிரிப்பை மெதுவாகத் திரும்பத் தொடங்கவேண்டும்.

எஸ்டேட் பக்கம் பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். நம் ஏ.எஸ்.வி. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கு மட்டும்தான். செடியில் சுருண்டு கிடக்கும் பச்சைக் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது.

மூன்றாவது மேசை: விடிகாலை வயிற்றுவலி

இங்கே ஒரு கேஸ் கொடுங்கள். தறிக்கூடத்தில் தரையில் படுத்துத் தூங்கியவர், விடிகாலை நாலு மணிக்கு வயிற்றுவலி என்று வருகிறார். கடித்த தடம் இல்லை, வீக்கம் இல்லை. ‘கேஸ் ட்ரபுள்’ ஊசி போட்டு அனுப்பிவிடுவது இங்கேதான் நடக்கிறது. கட்டுவிரியன் வலிக்காமலே கடிக்கும், விடிகாலை வயிற்றுவலி அதன் விஷத்தின் அடையாளமாக இருக்கலாம். எனவே கேட்கவேண்டிய கேள்வி: ‘ராத்திரி எங்கே படுத்திருந்தீங்க?’

மேசையில் ஒருவர் நோயாளியாக உட்காரட்டும். விஷம் தசைகளைத் தளரவைக்கிறதா என்று பார்க்க, மேலே பார்க்கச் சொல்லி இமையைக் கவனியுங்கள். படுக்கவைத்துத் தலையைத் தூக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் எதுவரை எண்ணுகிறார் என்று எழுதுங்கள். அரை மணியில் அந்த எண் குறைந்தால் மூச்சு போகப்போகிறது. அட்ரோபின் 0.6 மி.கி., தொடர்ந்து நியோஸ்டிக்மின் 1.5 மி.கி. கொடுத்து இமை விரிகிறதா என்று பார்க்கலாம். நல்லபாம்பு என்றால் பலன் தெரியும், கட்டுவிரியனில் பெரும்பாலும் தெரியாது. மூச்சு நின்றால் காப்பது, கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்தான். எல்லோரும் ஒரு முறையாவது பொம்மைமேல் அதைப் பிடித்துப் பார்க்கட்டும்.

நான்காவது மேசை: அனுப்பும் கடிதம்

மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் ட்யூட்டி டாக்டருக்கு ஆறு வரி போதும்: கடித்த நேரம், முதல் அறிகுறி வந்த நேரம், உறைவுச் சோதனை செய்த நேரமும் முடிவும், ஏறிய வயல் எத்தனை, ஒவ்வாமை வந்ததா, இமையும் மூச்செண்ணிக்கையும். ‘பாம்புக்கடி, மேல் சிகிச்சைக்கு’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அங்கே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இறுகக் கட்டிய கயிற்றோடு வருபவருக்கு, சிரை வழி திறந்து, மருந்தும் ஆம்பு பேக்கும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் கட்டை அவிழ்க்கவேண்டும். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கவேண்டிய நோயாக்கிவிட்டதால், பதிவேட்டில் எழுதித் தகவல் கொடுப்பதையும் இதே மேசையில் பழக்குங்கள்.

கிரெடிட் பாயிண்ட் வேண்டுமானால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறைப்படி ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரம் கணக்குக் காட்டவேண்டும். செலவுக்கு மருந்து கம்பெனியைத் தேடாதீர்கள். தலைக்கு ஒரு தொகை வசூலித்தால் டியூப், வாடகை, தட்டுவடை செட், காபி எல்லாம் அடங்கிவிடும்.

ஆறு வாரம் கழித்து வந்தவர்கள் எல்லோருக்கும் போன் செய்யுங்கள். இரண்டே கேள்வி: கண்ணாடி டியூப் வாங்கியாயிற்றா, அட்ரினலின் எங்கே இருக்கிறது. ‘இருக்கு டாக்டர்’ என்ற பதிலைக் குறித்துக்கொள்ளாதீர்கள். ஆம்பூலை எடுத்து, காலாவதித் தேதியைப் போனிலேயே படிக்கச் சொல்லுங்கள்.