தங்கக் காசில் செம்புள்ளி: தேய்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

போன மாதம் லாக்கரைத் திறந்தபோது, அம்மாவின் 8 கிராம் காசில், லட்சுமி அமர்ந்திருக்கும் தாமரைக்குப் பக்கத்தில் கடுகளவு செம்பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தது. அட்சய திருதியைக்கு வாங்கிய 999 முத்திரைக் காசு, அதாவது 24 கேரட். செம்பைக் கலந்து ஏமாற்றிவிட்டார்கள் என்று அம்மா அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் கவலை வேறு எவருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் காரணம். தங்கம் கறுக்காது, அதன்மேல் ஒட்டிய வேறொன்றுதான் கறுக்கிறது. அச்சடிக்கும் இடத்தில் வெள்ளிக் காசும் அடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் ஒன்று தங்கத்தின்மேல் விழுந்து, அச்சு இறங்கும்போது உள்ளே அழுந்திவிடுகிறது. பிறகு காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அந்த வெள்ளியைப் பிடித்து வெள்ளி சல்பைடாக மாற்றுகின்றன. அது மெல்லிய படலமாகப் பரவுவதால் சிவப்பாகவும் பழுப்பாகவும் தெரிகிறது. கனடாவின் மேப்பிள் லீஃப் போன்ற 999.9 தூய்மைக் காசுகளிலும் இது வருகிறது. ஆகவே புள்ளி வந்தாலே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். 916 காசின், அதாவது 22 கேரட்டின், கதை வேறு. அதில் செம்பு உண்டு. செம்பு சரியாகக் கலக்காமல் திரண்டு நின்ற இடம் நாளடைவில் பழுப்பாகும்.

காசின் விளிம்பை மட்டும் பிடித்து, மடித்த துண்டின்மேல் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். பளபளப்பின்மேல் செந்நிறம் படர்ந்து, நடுவில் கரும்பொட்டு இருந்தால் பெரும்பாலும் வெள்ளித் துகள். பச்சையாகப் பிசுபிசுத்தால் பிவிசி என்னும் பிளாஸ்டிக் உறையின் வேலை. பூஜையில் வைத்த காசு என்றால் அது வெறும் குங்குமமாகவும் இருக்கலாம். ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, செம்பு கலந்திருக்கிறதா என்று பார்த்து மனம் அமைதியாக ஒரு சோதனை. 0.01 கிராம் வரை காட்டும் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய நீரின் எடை; செம்பு கலந்தால் அது கூடும். 8 கிராம் 24 கேரட் காசுக்கு 0.41 அல்லது 0.42 கிராம் காட்டும், 22 கேரட் என்றால் 0.45 அளவில் வரும். எங்கள் காசு 0.41 காட்டியது. அம்மாவை அழைத்துக் காட்டினேன்.

இனிக் கழுவுதல். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, காசை ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். பூந்திக்கொட்டை நகைக்கு நல்லது. காசுக்கு நான் பயன்படுத்த மாட்டேன், அதன் சக்கை நுண்ணிய எழுத்துகளில் சிக்கிக்கொள்கிறது. கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்தால் உப்புத்தடம் விழும். மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றக் கிடைக்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் போதும் (பேட்டரி அமிலம் அல்ல). பிவிசி பிசுக்கு இருந்தால் கண்ணாடிக் கிண்ணத்தில் தூய அசிட்டோன் ஊற்றி ஊறவையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கமே போக வேண்டாம். நகச்சாயம் நீக்கும் திரவம் இதற்கு ஈடாகாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். வெள்ளிப் புள்ளியை அசிட்டோன் அசைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் தவறியது துடைக்கும்போதுதான். முதல் காசைப் பழைய வேட்டித் துணியால் ஒற்றாமல், வட்டமாகத் துடைத்தேன். துணி பூப்போல மென்மையாக இருந்தது. மறுநாள் மேசை விளக்கைச் சாய்த்துப் பார்த்தால், கண்ணாடிபோல் இருந்த பரப்பு முழுவதும் முடியிழைக் கீறல்கள்! 24 கேரட் தங்கம் அவ்வளவு மிருதுவானது. துணியில் இருந்த ஒரு தூசி போதும். அந்தக் கீறலை எதைக் கொண்டும் மறைக்க முடியாது. இப்போது டிஷ்யூ தாளின்மேல் காசை வைத்து, மேலே இன்னொரு தாளை வைத்து, விரலால் அழுத்தி மட்டும் எடுக்கிறேன். இழுப்பதே இல்லை.

இதற்குப் பிறகும் புள்ளி நின்றால், விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. தயோயூரியாவும் அமிலமும் கலந்த வெள்ளி கழுவும் திரவம் படலத்தைக் கரைக்கும்தான். ஆனால் அழுந்திய துகள் உள்ளேயே இருந்தால் புள்ளி திரும்ப வரும். பத்தர் ஒருவர் தீயில் காட்டித் தருவதாகச் சொன்னார்; நான் சம்மதிக்கவில்லை. 916 காசைச் சூடாக்கினால் செம்பு இன்னும் கறுக்கும்.

வைக்கும் முறையில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்வேன்: ரப்பர் பேண்டை எடுத்து எறியுங்கள். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். எங்கள் காசுப் பொட்டலத்தை இரண்டு சுற்று ரப்பர் பேண்டு போட்டுத்தான் வைத்திருந்தோம். அது பிசினாக உருகி உறையில் ஒட்டியிருந்தது. மென்மையான பிவிசி உறைக்குப் பதில் அக்ரிலிக் கேப்சூல் வாங்குங்கள். கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம்.

பிற்சேர்க்கை: பற்பசையால் தேய்த்துவிட்டதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். பற்பசையில் தேய்க்கும் பொடி உண்டு, பரப்பு மங்கிவிடும். எடை போட்டு வாங்கும் இடத்தில் தங்கத்தின் விலை அதனால் பெரிதாகக் குறையாது, அழகுதான் போயிற்று.

இன்னொருவர், சீலிட்ட அட்டைக்குள்ளேயே புள்ளி இருக்கிறது, வெட்டி எடுக்கலாமா என்று கேட்டார். வெட்டாதீர்கள். அட்டை பிரிந்திருந்தால் கழிவு கேட்கும் கடைகள் உண்டு. ரசீதோடு வாங்கிய கடைக்கே எடுத்துச் சென்று காட்டுங்கள். வங்கியில் வாங்கியிருந்தால், வங்கிகள் காசைத் திரும்ப வாங்குவதில்லை. தங்கத்தின் தூய்மையை அளக்கும் கேரட் மீட்டர் உள்ள நகைக்கடையில்தான் பார்க்க வேண்டும்.

அம்மாவின் காசில் புள்ளி அப்படியேதான் இருக்கிறது. இப்போது கேப்சூலுக்குள், பழைய படத்தோடு ஒப்பிட வசதியாகத் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.