மருந்தடிக்கும் முன் சிலந்தியையும் எண்ணுங்கள்

நெல் நட்ட முதல் 30 நாளில் இலைச்சுருட்டுப் புழுவைப் பார்த்ததுமே மருந்தடிக்க ஓடாதீர்கள், அந்த வயதுப் பயிர் புது இலை விட்டுத் தேறிக்கொள்ளும், ஆனால் அந்த மருந்தில் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் சேர்ந்தே செத்துப்போகும். நெல் தண்டின் அடியில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியைச் சிலந்தி பிடித்துத் தின்னும், மிரிட் பூச்சி அதன் முட்டையையே உறிஞ்சிவிடும். இவை இரண்டும் போய்விட்டால், இலையுறைக்குள் மருந்து படாமல் தப்பிய முட்டைகள் பொரித்ததும் புகையான் முன்பைவிட அதிகமாகப் பெருகும். பைரித்ராய்டு வகை மருந்துகள் இதில் ரொம்ப மோசம், நெல்லில் வேண்டவே வேண்டாம். சரி, புகையானுக்கு எப்போது அடிப்பது? நெல் குத்தைப் பிரித்து அடியில் புகையானையும் சிலந்தியையும் எண்ணுங்கள். சிலந்தியே இல்லையென்றால் தூருக்கு (குத்தில் உள்ள ஒரு தண்டுக்கு) 1 புகையான் வந்ததும் நடவடிக்கை எடுக்கலாம். குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 புகையான் வரை தாராளமாகப் பொறுக்கலாம்.